பொதிகையின் மஞ்சள் மலரும் ஒரு பூந்தொட்டியும்

சென்ற ஆண்டு ஒரு காலையில், எங்கள் வாசகர் வட்டத்தைச் சேர்ந்த நான்கு பேர் ஒரு தாவரவியல் பூங்காவின் நிழல்வலைக் கூடத்தில் ஒரு பூந்தொட்டியின் முன் நின்றிருந்தோம். தொட்டியில் நீண்ட பசிய இலைகள். அவற்றின் நடுவிலிருந்து மெல்லிய மயிர் படர்ந்த ஒரு காம்பு. அதன் நுனியில் ஒரே ஒரு மலர். இதழ்கள் மஞ்சள். ஒவ்வொரு இதழின் நடுவிலும், தூரிகையை ஒரு முறை அழுத்தி இழுத்தாற்போல, கரும்பழுப்பில் ஒரு கோடு. கீழே தேன் நிறத்தில் ஒரு சிறு பை. பக்கத்தில் செருகியிருந்த தகரத் துண்டில் ஓர் எண்ணும் ‘பாஃபியோபெடிலம் ட்ரூரி’ என்ற பெயரும் இருந்தன. எந்த மலையிலிருந்து வந்தது என்பது அதில் இல்லை.

எங்களுடன் வந்திருந்த நண்பர் கவிதை எழுதுபவர், நுட்பமான வாசகர். அவர் சொன்னார்: “காட்டில் அழிந்துகொண்டிருக்கிறது என்று வருத்தப்படுகிறீர்கள். இதோ, இங்கே பூத்து நிற்கிறதே. பிழைத்துவிட்டதல்லவா? பிறகென்ன கவலை?”

அன்று அவருக்கு நாங்கள் சொன்ன பதில் எங்களுக்கே நிறைவளிக்கவில்லை. கேள்வி எளிமையானது; ஆனால் அதன் அடியில் இருக்கும் எண்ணம் எளிமையானதன்று. ஓர் உயிர் எங்கே இருந்தாலும் இருப்பதுதானே என்ற அந்த எண்ணம் இன்று பலரிடமும் உள்ளது. மொழியைப் பற்றியும் கலைகளைப் பற்றியும் பேசும்போது அதை உடனே மறுக்கும் நாமே, ஒரு செடியைப் பற்றிப் பேசும்போது தயக்கமின்றி ஏற்றுக்கொள்கிறோம். இக்கட்டுரை நண்பருக்கான தாமதமான பதில்.

*

ஆர்க்கிட் குடும்பம் மிகப் பெரியது. உலகெங்கும் ஏறத்தாழ 28,000 இனங்கள். இந்தியாவில் மட்டும் 1,250க்கும் மேல். அவற்றுள் செருப்பு வடிவப் பை கொண்டவை ஒரு தனிக் கூட்டம். பாஃபியோபெடிலம் என்ற பேரினப் பெயரின் பொருளே அதுதான். கிரேக்கக் காதல் தெய்வமான அஃப்ரோடைட்டியின் கோயில் இருந்த பாஃபோஸ் என்னும் ஊரையும், காலணியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும் சேர்த்து அப்பெயரை அமைத்தார்கள். இப்பேரினத்தின் நிலப்பரப்பு இந்தியாவிலிருந்து தென்சீனம், தென்கிழக்காசியா வழியாக நியூகினி, சாலமன் தீவுகள் வரை விரிகிறது. இந்தியாவில் உள்ளவற்றில் ஏனைய எல்லாம் வடகிழக்கு மலைகளில் வளர்பவை. ஒன்றே ஒன்று மட்டும் சுற்றத்தையெல்லாம் விட்டு விலகி, தீபகற்பத்தின் தென்கோடியில், அகத்தியர் மலைத் தொடரில் தனித்து வாழ்கிறது. நாங்கள் பார்த்த மலர் அதுதான்.

அகத்தியர் மலை நம் வாசகர்களுக்கு அறிமுகம் தேவைப்படாத இடம். நம் இலக்கியம் பொதியில் என்றும் பொதிகை என்றும் போற்றியது. தென்றலுக்கும் தமிழுக்கும் பிறப்பிடமாக மரபு சொல்லிவந்தது. சிகரத்தின் உயரம் 1,868 மீட்டர். தமிழகமும் கேரளமும் அதன் சரிவுகளைப் பகிர்ந்துகொள்கின்றன. தாமிரபரணி அங்கே பிறக்கிறது. இரண்டு பருவமழைகளும் அதை நனைக்கின்றன. 2001இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டு, 2016இல் யுனெஸ்கோவின் உலக வலையமைப்பில் இடம்பெற்ற அம்மலைப் பகுதியில் 2,000க்கும் மேற்பட்ட தாவர இனங்கள் உள்ளன.

இந்த மலர் அம்மலையின் அடர்காட்டில் பூப்பதில்லை என்பது கவனிக்கத்தக்கது. அதன் உறவினங்கள் பெரும்பாலும் நிழலும் ஈர மட்கும் தேடுபவை. இதுவோ ஏறத்தாழ 1,400 மீட்டருக்கு மேல், திறந்த புல்சரிவில், வெயிலையும் காற்றையும் பனிமூட்டத்தையும் மாறிமாறி ஏற்றுக்கொண்டு வாழப் பழகியது. அதன் தண்டு மண்ணோடு கிடைமட்டமாக ஊர்ந்து, புல்லுக்கிடையே புதுப்புதுத் தளிர்களை விட்டுக்கொண்டே போகும்.

1865இல் இதைக் கண்டவர் கர்னல் ஹீபர் ட்ரூரி. திருவிதாங்கூரில் பணியாற்றிய படை அதிகாரி. இந்தியாவின் பயன்தரு தாவரங்களைப் பற்றி நூல் எழுதியவர். 1874இல் சென்னை மாகாணத்தின் வன அதிகாரி பெட்டோம் இதை முறையாக விவரித்து ட்ரூரியின் பெயரைச் சூட்டினார். 1892இல் ஸ்டைன் என்பவர் இன்றைய பேரினத்துக்கு மாற்றினார். ஒரு மலர் அறிவியலுக்குள் வந்த கதை இவ்வளவுதான். அதற்குப் பின்னால் நிகழ்ந்ததுதான் நாம் பேச வேண்டியது.

*

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் ஆர்க்கிட் மீதான விருப்பம் பித்து என்று சொல்லத்தக்க நிலையை எட்டியிருந்தது. செல்வர்கள் கண்ணாடிக் கூடங்கள் எழுப்பி, நீராவியால் வெப்பமேற்றி, வெப்பமண்டலக் காடுகளிலிருந்து வந்த செடிகளை ஏலத்தில் எடுத்தார்கள். ஏல நிறுவனங்களுக்காகவும் வணிகர்களுக்காகவும் சேகரிப்பாளர்கள் காடுகளைத் தேடிப் போனார்கள். உச்சிக்கிளையில் இருக்கும் செடிக்காக மரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள். போட்டியாளர் பின்தொடராதிருக்க, இடத்தைத் திரித்துச் சொன்னார்கள். இதே பேரினத்தைச் சேர்ந்த ஃபேரியானம் என்னும் மலர் 1857இல் இங்கிலாந்துக்கு வந்து, பின் வளர்ப்பில் அரிதாகிப்போனபோது, அதை மீண்டும் கண்டுபிடித்துத் தருபவருக்கு 1,000 பவுண்டு பரிசு அறிவித்தார் சாண்டர் என்னும் வணிகர். ஒரு செடிக்கு அவ்வளவு விலை வைக்கப்பட்ட காலத்தில், ஒரே மலைத்தொடரில் ஒரு சில சரிவுகளில் மட்டும் வாழும் செடிக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

பொதிகையின் மஞ்சள் மலர் பறித்துப் போகப்பட்டது. அதன் மஞ்சளும் கரும்பழுப்புக் கோடும் வேண்டி ஐரோப்பிய வளர்ப்பாளர்கள் அதைப் பிற இனங்களோடு கலந்து புதிய கலப்பினங்களை உருவாக்கினார்கள். மலையில் அது கண்ணில் படாமற்போனது. பல பத்தாண்டுகள், அழிந்துவிட்டதென்றே பலரும் கருதினார்கள்.

கடந்த நூற்றாண்டின் எழுபதுகளில் அது மலையில் மீண்டும் கண்டறியப்பட்டது. மகிழ்ச்சிக்குரிய திருப்பம் என்று இங்கே எழுத வேண்டும், எழுத முடியவில்லை. கண்டறியப்பட்ட செய்தி சேகரிப்பாளர்களையும் எட்டியது. எஞ்சியிருந்த செடிகளும் கூட்டம் கூட்டமாகப் பெயர்க்கப்பட்டன. புல்சரிவுகளில் பரவும் தீ மீதியைக் குறைத்தது. நூறாண்டு இடைவெளியில் ஒரே மலருக்கு ஒரே விதி இருமுறை நேர்ந்தது. அரிது என்று தெரிந்ததே அதன் அழிவுக்குக் காரணமானது. அரிது என்பதால் விலை ஏறுகிறது. விலை ஏறுவதால் பறிக்கிறார்கள். பறிப்பதால் இன்னும் அரிதாகிறது.

சட்டம் தாமதமாக வந்தது என்றாலும் வந்தது. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை, 1990 முதல் பாஃபியோபெடிலம் பேரினம் முழுவதையும் மிகக் கடுமையான முதல் பட்டியலில் வைத்திருக்கிறது. இந்தியாவில் 1991ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இச்செடிகளைக் காட்டிலிருந்து எடுப்பதைத் தடைசெய்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அட்டவணைகள் மாற்றியமைக்கப்பட்டபோதும் தாவரங்களுக்கான பாதுகாப்பு தொடர்ந்தது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் இம்மலர் ‘மிக அருகிய’ இனம் என்ற நிலையில் உள்ளது. அந்நிலைக்கு அடுத்த படி, காட்டில் அற்றுப்போனது என்பதுதான்.

*

இனி நண்பரின் கேள்விக்கு வருவோம். காட்டில் அருகினாலும் தொட்டியில் இருக்கிறதே?

தொட்டியில் இருப்பது எது என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஆர்க்கிட்டின் விதை தூசியைப் போன்றது. ஒரு காயில் ஆயிரக்கணக்கில், சில இனங்களில் இலட்சக்கணக்கில் இருக்கும். நெல்லுக்கும் உளுந்துக்கும் உள்ளது போல அதற்குள் கட்டுச்சோறு இல்லை. காற்றில் பறந்து விழும் இடத்தில் ஒரு குறிப்பிட்ட பூஞ்சையின் இழை அதைத் தொட்டு உணவூட்டினால்தான் முளைக்கும். இதை 1899இல் நோயல் பெர்னார் என்ற பிரெஞ்சு அறிவியலாளர் கண்டறிந்தார். அதாவது, ஆர்க்கிட் என்று நாம் பெயரிட்டு அழைப்பது தனித்த ஓர் உயிர் அன்று. கண்ணுக்குத் தெரியாத இன்னோர் உயிரோடு மண்ணுக்குள் அது செய்துகொண்ட உடன்பாடும் சேர்ந்ததுதான் ஆர்க்கிட்.

1922இல் அமெரிக்கரான லூயிஸ் நட்சன் அந்த உடன்பாடு இல்லாமலே விதையை முளைக்கவைக்கலாம் என்று காட்டினார். தூய்மையாக்கிய கண்ணாடிக் குடுவையில், சர்க்கரையும் உப்புகளும் கலந்த கூழின்மேல் விதையைத் தூவினால் போதும். பூஞ்சை செய்த வேலையைச் சர்க்கரை செய்தது. இன்று உலகெங்கும் விற்கப்படும் ஆர்க்கிட் நாற்றுகள் பெரும்பாலும் இக்கண்டுபிடிப்பின் வழிவந்தவை. மகத்தான சாதனை என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. ஆனால் குடுவைக்குள் வராத ஒன்று அந்த முதல் நாளிலேயே வெளியே நின்றுவிட்டது.

அடுத்தது பூச்சி. மலரின் கீழே தொங்கும் அந்தத் தேன்நிறப் பை ஓர் ஏமாற்று. உள்ளே தேன் கிடையாது. நிறத்தாலும் தோற்றத்தாலும் ஈர்க்கப்பட்டு வந்து அமரும் பூச்சி வழுக்கிப் பைக்குள் விழுகிறது. சுவர்கள் ஏற முடியாத வழவழப்பு. பின்புறத்தில் மட்டும் மயிர்கள் அடர்ந்த ஒரு குறுகிய பாதை. அதில் ஊர்ந்து வெளியேறும் பூச்சி முதலில் சூல்முடியின் கீழ் நுழைந்து, பின் மகரந்தத்தை முதுகில் ஏந்திப் போக வேண்டும். அடுத்த மலரிலும் அது அதேபோல ஏமாந்தால்தான் மகரந்தச் சேர்க்கை நிகழும். இப்பேரினத்தில் ஆராயப்பட்ட பல இனங்களில் இப்படி ஏமாறுபவை மலர்வட்டமிடும் ஈக்கள். எத்தனையோ காலமாக ஒரு பூச்சியின் பசியையும் மறதியையும் பயின்று செதுக்கப்பட்ட வடிவம் அது. பூந்தொட்டியில் அந்தப் பைக்குள் யாரும் விழுவதில்லை. தோட்டக்காரரின் கையில் உள்ள குச்சியே அங்கே பூச்சி. வடிவம் இருக்கிறது, அது எதற்கான வடிவமோ அது இல்லை.

மூன்றாவது, தேர்வு. மலையில் எந்தச் செடி பிழைக்க வேண்டும் என்பதைக் கோடையும் காற்றும் பூஞ்சையும் தீயும் முடிவுசெய்கின்றன. கண்ணாடிக் கூடத்தில் வளர்ப்பவரின் கண் முடிவுசெய்கிறது. பெரிய பூ, அகன்ற இதழ், அழுத்தமான கோடு, தொட்டிக்குள் அடங்கும் குணம். சில தலைமுறைகள் இப்படிப் போனால், பெயர் அதுவாகவே இருக்க, செடி வேறாகிவிடும்.

தொட்டிக்குள் அடங்கும் குணம் என்று சொன்னோம். இம்மலரை வளர்ப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் குறை ஒன்று உண்டு. அதன் தண்டு ஊர்ந்துகொண்டே போகும் இயல்புடையதாதலால், ஒவ்வொரு புதுத் தளிரும் பழையதைவிடச் சற்றுத் தள்ளி எழுந்து, விரைவிலேயே செடி தொட்டியின் விளிம்பைத் தாண்டிவிடும். அதைப் பெயர்த்து மீண்டும் மீண்டும் நடுவில் வைக்க வேண்டும். புல்சரிவில் அதன் வாழ்முறை அது. தொட்டியில் அதே இயல்பு ஒரு குறையாகிவிடுகிறது.

*

இவ்வளவும் சொன்னதால் தொட்டிக்கு நாங்கள் எதிரிகள் என்று எண்ண வேண்டாம். அப்படி எண்ணுவது நேர்மையாகாது. குடுவையில் பெருக்கப்பட்ட நாற்று மலிவாகக் கிடைக்கும்போது காட்டுச் செடிக்கான வேட்டை குறையக்கூடும். சைட்டிஸ் உடன்படிக்கையும் இதை உணர்ந்தே, முறையாகக் குடுவையில் வளர்த்த நாற்றுகளுக்கு விலக்கு அளித்திருக்கிறது. திருவனந்தபுரம் அருகே பாலோட்டில் 1979இல் தொடங்கப்பட்ட வெப்பமண்டலத் தாவரவியல் தோட்ட ஆய்வு நிறுவனத்தினர் இம்மலரை ஆய்வகத்தில் பெருக்கி, மலையில் மீண்டும் நடும் பணியை மேற்கொண்டார்கள். ஆய்வகம் இல்லையெனில் அந்த முயற்சிக்கே இடமில்லை. தொட்டி ஒரு பாலமாக இருக்கும்வரை அது போற்றத்தக்கது.

எங்கள் மறுப்பு, பாலத்தின்மேல் நின்றுகொண்டு கரை சேர்ந்துவிட்டோம் என்று சொல்வதற்கு மட்டுமே. ஏனெனில் அச்சொல்லுக்கு விளைவுகள் உண்டு. “செடியைக் காப்பாற்றியாகிவிட்டது” என்று ஒப்புக்கொண்டுவிட்டால், அந்தப் புல்சரிவைக் காப்பாற்றக் காரணம் ஒன்று குறைகிறது. புல்வெளி வெற்று நிலம் என்று நினைக்கும் பழக்கம் நம் நிர்வாகத்தில் நெடுங்காலமாக உண்டு. மரமில்லாத இடத்தைப் பயனற்ற இடமாகக் கண்டு, வேற்றுநாட்டு மரங்களை நட்டு மேற்குத்தொடர்ச்சி மலையின் எத்தனையோ மேட்டுப் புல்வெளிகளை இழந்திருக்கிறோம். ஒரு சரிவின் மதிப்பை எடுத்துச் சொல்ல ஒரு மலர் சாட்சியாக நிற்கும் இடத்தில், அந்தச் சாட்சியைத் தொட்டிக்கு மாற்றிவிட்டால் வழக்கு தானாகவே தள்ளுபடியாகும்.

*

இங்கே இலக்கிய வாசகர்களாகிய நமக்கென்று சொல்ல ஒன்று இருக்கிறது. திணைக் கோட்பாட்டை உலகுக்கு நம் கொடை என்று பெருமையோடு பேசுபவர்கள் நாம். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துக்குரிய மரமும் மலரும் பறவையும் தொழிலும் கருப்பொருள். மனிதரின் ஒழுக்கம் உரிப்பொருள். மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தவை. நிலத்திலிருந்து மலரைப் பிரித்தால் அது அழகிய ஒரு பொருளாக எஞ்சும், கருப்பொருளாக இராது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 மலர்களின் பெயர்களை அடுக்கியதை மேடைதோறும் வியக்கிறோம். அப்பெயர்கள் நினைவாற்றலின் சான்று மட்டுமல்ல. ஒரு மலைச்சாரலில் எவையெல்லாம் ஒருசேரப் பூத்தன என்ற அறிவின் சான்று. நண்பரின் கேள்விக்கான விடை நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. நாம்தான் அதைச் செய்யுளுக்கு மட்டும் உரியது என்று ஒதுக்கிவைத்தோம்.

வேறொன்றைக் கொண்டு பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். நாற்று நடும் வயலில் பாடப்பட்ட பாட்டை ஒருவர் ஒலிப்பதிவு செய்து பாதுகாக்கிறார். நல்ல பணி. வயலில் இப்போது இயந்திரம் நடுகிறது. பாடியவர்கள் நகரத்துக் கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள். ஒலிநாடா இருக்கிறது என்பதால் பாட்டு வாழ்கிறது என்று நம்மில் எவரேனும் சொல்வோமா? அகராதியில் மட்டும் இருக்கும் சொல்லை வழக்கிலிருக்கும் சொல்லாகக் கொள்வோமா? மாட்டோம். அந்த அளவுகோலை மலருக்கு மட்டும் ஏன் மாற்ற வேண்டும்?

இதை எழுதும் எங்கள் கூச்சம் ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். பொதிகையைப் பற்றி எத்தனையோ முறை பேசியிருக்கிறோம், எழுதியிருக்கிறோம். அம்மலைத்தொடருக்கே உரிய ஒரு மலரை அந்தப் பூங்காவில் காணும்வரை எங்களில் மூவர் கேள்விப்பட்டதுகூட இல்லை. அதை இங்கே குறிப்பிட ஓர் ஆங்கிலேயப் படை அதிகாரியின் பெயரைத்தான் கடன் வாங்குகிறோம். தமிழ் பிறந்ததாக நாம் கொண்டாடும் மலை நமக்குச் சொல்லாகவே இருந்துவிட்டது, மண்ணாக இருந்ததில்லை.

என்ன செய்யலாம்? பெரிதாக ஒன்றும் நம் கையில் இல்லை. சிறிதாகச் சில உண்டு. அரிய செடி ஒன்றைக் காட்டில் காண நேர்ந்தால், படம் எடுக்கலாம், இடத்தைச் சொல்லாதிருக்கலாம். இன்று ஒரு நிழற்படத்தோடு சரியான இடக்குறிப்பும் தானாகவே பயணம் செய்கிறது. அன்று சேகரிப்பாளர்கள் பொறாமையால் இடத்தை மறைத்தார்கள். இன்று நாம் அக்கறையால் மறைக்க வேண்டியிருக்கிறது. ஆர்க்கிட் வளர்க்க விரும்புபவர்கள், விற்பவரிடம் அது எங்கே பிறந்தது, குடுவையிலா காட்டிலா என்று கேட்கலாம். விடை வராத இடத்தில் வாங்காமல் வரலாம். ஓர் இனம் காப்பாற்றப்பட்டது என்ற செய்தியைப் படிக்கும்போது, எங்கே என்று ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்கலாம். அந்த மலையைத் தலைமுறைகளாக அறிந்த காணி மக்களையும் அங்கே காவலிருக்கும் எளிய வனப் பணியாளர்களையும் நம் எழுத்துக்குள் கொண்டுவரலாம். பொதிகையைப் பற்றி அடுத்த முறை கவிதை எழுதும் நண்பர், அதன் ஒரு புல்லின் பெயரையாவது தெரிந்துகொண்டு எழுதலாம்.

மலையில் மறுபடி நடப்பட்ட செடிகளின் வெற்றியை அவை வேர்பிடித்ததைக் கொண்டு மட்டும் அளக்க முடியாது. என்றேனும் ஒரு நாள், யாருடைய கையும் படாமல், ஓர் ஈ அந்தத் தேன்நிறப் பைக்குள் விழுந்து எழுந்து அடுத்த மலருக்குப் போய், அங்கே காய்த்த காயிலிருந்து பறந்த விதையொன்றை மண்ணுக்குள் ஒரு பூஞ்சை தொட்டு, புல்லுக்கிடையே ஒரு தளிர் எழ வேண்டும். அன்றைக்கு நண்பரின் சொல்லை நாங்களும் மகிழ்ச்சியோடு சொல்வோம், பிழைத்துவிட்டது என்று. அதுவரை, அந்தப் பூந்தொட்டியில் செருகியிருக்கும் தகரத் துண்டில் எண்ணுக்கும் பெயருக்கும் கீழே ஒரு வரி சேர்க்கவேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை. ஊர்: அகத்தியர் மலை.